கருவறைக் காலமும் குழந்தையின் இயக்க விருத்தியும்: கோமாரியை முன்வைத்து ஒரு நோக்கு

தலை நிமிர்த்துதல், இருத்தல், தவழ்தல், நடத்தல் என்னும் ஒழுங்கில் குழந்தை தன் உடலை ஆளக் கற்பதையே இயக்க விருத்தி என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, நலமான குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதம் முதல் 18 மாதம் வரை வேறுபடும். எனவே, தாமதமெல்லாம் நோயன்று. ஆயினும், உண்மையான குறைபாடு தோன்றுமிடத்து அதன் காரணத்தைப் பேற்று வேளையிலேயே தேடுவதும், பழியைத் தாய்மீதோ மருத்துவிச்சிமீதோ சுமத்துவதும் வழக்கமாக உள்ளன.

மருத்துவ உலகும் இதற்கு விலக்கன்று. 1861இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், மூளைவாதத்தைக் கடினமான பேற்றுடன் தொடர்புபடுத்தினார். 1897இல் சிக்மண்ட் புரொய்ட், கடினமான பேறே கருவில் முன்னர் நேர்ந்த பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம் என வாதிட்டார். பிற்கால ஆய்வுகள், பெரும்பாலான நேர்வுகளில் வேர் பேற்றுக்கு முந்தியது என்பதை உறுதிப்படுத்தியுள்ளன.

மூளையும் முண்ணாணுமாக வளரும் நரம்புக் குழாய், கருவுற்று 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதை அறியுமுன்பே அக்கட்டம் கடந்துவிடுகிறது. ஆதலால், போலிக் அமிலம் கருவுறுமுன்பே தொடங்கப்பட வேண்டும். கடும் அயடீன் குறைபாடு தைரொயிட் சுரப்பைக் குறைத்து, குழந்தையின் கைகால்களை விறைப்புறச் செய்யக்கூடும். தாயின் குருதிச்சோகை, புகையிலை சேர்ந்த வெற்றிலை, வீட்டிலுள்ளோரின் புகைத்தல் ஆகியன 2,500 கிராமுக்குக் குறைந்த பிறப்பு நிறைக்கு வழிகோலலாம். 37 வாரங்களுக்கு முந்திய பிறப்பும் இயக்க விருத்தியைத் தாமதப்படுத்தும் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகும்.

இவற்றுட் பல, சமூக முயற்சியால் வெல்லத்தக்கவை. இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்த்தல் 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. கருவிலுள்ள சிசுவைத் தாக்கும் ருபெல்லாவுக்கெதிரான தடுப்பூசி 1996இல் அறிமுகமாகி, 2020இல் அந்நோய் இந்நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டமும் கர்ப்பிணிகளின் போசணையைக் கருதியதே.

இனி, திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட கோமாரியை நோக்குவோம். கடலே இங்குள்ள பலரின் வாழ்வாதாரம். மீன், கர்ப்பிணிக்குப் புரதமும் அயடீனும் தரும் நல்லுணவு. யப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட இரச நஞ்சேற்றம் ஆலைக் கழிவின் விளைவு. எனினும், சுறா போன்ற பெருமீன்களில் இரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் நெத்தலி, சூடை முதலிய சிறுமீன்களே கர்ப்பிணிக்கு உகந்தவை. ஆனால், பிடித்த மீன் விற்பனைக்குப் போய், எஞ்சியது மட்டும் உலைக்கு வரும் குடும்பத்தில், “சத்தாக உண்” என்னும் அறிவுரை எத்துணைப் பயன் தரும்? 2004இன் ஆழிப்பேரலை தொழிற்கருவிகளை அழித்தது; 2022இன் பொருளாதார நெருக்கடி உணவு விலைகளை உயர்த்தியது. இவையும் கருவறையை எட்டும் காரணிகளே.

ஆகவே, குழந்தையின் முதலடியைத் தாயொருத்தியின் பொறுப்பாக மட்டும் கொள்ளுதல் அறிவியலுக்கும் நீதிக்கும் ஒவ்வாது. திருமணமான காலந்தொட்டே குடும்பநல மருத்துவமாதின் சேவை, உரிய போசணை, ஓய்வு, மருத்துவமனைக்குக் காலத்திற் செல்லும் வசதி ஆகியவற்றை உறுதிசெய்வது குடும்பத்தினதும் சமூகத்தினதும் அரசினதும் கடனாகும்.