முறையை மாற்றப் போய்த் தேர்தலையே தொலைத்தோம்

இலங்கையில் கடைசியாக ஒரு மாகாண சபைக்கு வாக்களித்தவர்கள் ஊவா மக்கள். அது 2014 செப்டெம்பர். வட மாகாணம் தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகு அங்கே நடந்ததே ஒரே ஒரு மாகாண சபைத் தேர்தல், 2013இல். 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. அன்று தொட்டு ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களே மாகாணங்களை நடத்துகிறார்கள். இதற்குக் காரணம் யுத்தமுமல்ல, அவசரகால நிலையுமல்ல. தேர்தல் முறையைச் சீர்திருத்துகிறோம் என்று நிறைவேற்றிய ஒரு சட்டம்.

சீர்திருத்தம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. 1970இல் தொகுதிவாரி முறையில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 38 சதவீத வாக்கு, ஆனால் 151 ஆசனங்களில் கிடைத்தது 17. அதைவிட ஒரு சதவீதம் குறைவாக எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் காற்று திசைமாறி, பாதி வாக்கை வைத்துக்கொண்டு ஐ.தே.க. 168இல் 140ஐ அள்ளியது. அதன் பிறகுதான் 1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. அதிலும் குறை உண்டு. கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு, சீட்டின் அடியில் மூன்று பேருடைய விருப்பு இலக்கங்களுக்குப் புள்ளடி போடலாம். அந்த மூன்று புள்ளடிகளுக்காக ஒரே கட்சிக்காரர்கள் மாவட்டம் முழுக்கப் பணத்தை இறைத்து ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். எங்கள் ஊருக்கென்று ஒரு பிரதிநிதி இல்லையே என்ற மக்களின் குறையும் நியாயமானது. தொகுதிவாரியையும் விகிதாசாரத்தையும் சேர்த்த கலப்பு முறை அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் தொகுதி என்றால் எல்லைக்கோடு உண்டு, அதை யாரோ ஒருவர் வரைய வேண்டும். சிதறி வாழும் மலையகத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆபத்து அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்ததால், மூன்றாவதாக வந்த மலையகத் தலைவர் தொண்டமான் நாடாளுமன்றம் போனார். அதையே மூன்று தனித் தொகுதிகளாக வெட்டியிருந்தால், எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கும்.

2017இல் நடந்ததை ஒவ்வொரு வாக்காளரும் தெரிந்திருக்க வேண்டும். மாகாண சபை வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கும் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில், செப்டெம்பர் 20 அன்று, அதற்குள் முழுத் தேர்தல் முறை மாற்றமும் நுழைக்கப்பட்டு அன்றே நிறைவேறியது. சட்டமூலம் சபைக்கு வந்ததும் சில நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். நிறைவேறிய பின் முடியாது. குழுநிலையில் நுழைந்த திருத்தத்தை எதிர்க்க மக்களுக்கு அந்தச் சில நாட்கள்கூடக் கிடைக்கவில்லை.

பழைய முறை அன்றே நீங்கிவிட்டது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அதற்கான அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். இரண்டு மாதத்தில் மீளாய்வு முடிய வேண்டும் என்கிறது சட்டம், முடியவில்லை. முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பழைய முறைக்குத் தற்காலிகமாகவேனும் திரும்பும் தனிநபர் சட்டமூலங்களும் வந்தன. தேர்தல் வரவில்லை.

அப்படியானால் நமக்கு என்ன வழி? அடிப்படை உரிமை மீறல் மனு நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் செல்லும், சட்டத்துக்கு எதிராகச் செல்லாது. இந்த வேறுபாடு முக்கியம். 1998இல் அவசரகால ஒழுங்குவிதியைக் காட்டி ஐந்து மாகாண சபைத் தேர்தல்களை நிறுத்தியபோது வாக்காளர் இருவர் வழக்குத் தொடர்ந்தார்கள். வாக்களிப்பதும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. 2023 மார்ச்சில் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றபோதும், அது உரிமை மீறலே என்று 2024 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் மக்கள் வாக்களித்தார்கள். அந்த இரண்டிலும் தேர்தலைத் தடுத்தது நிர்வாகம், மாகாண சபைத் தேர்தலைத் தடுப்பதோ சட்டம்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எல்லை நிர்ணயம் மறுபடி தொடங்கினால், உங்கள் ஊரோ தோட்டமோ இரண்டாக வெட்டுப்படுகிறதா என்று பார்த்து, எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க அது உதவும்.

அடுத்த சீர்திருத்தச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கான தேர்தல் முறையைப் பற்றியதாகவும் இருக்கலாம். கலப்பா, விகிதாசாரமா என்று மேடைகளில் விவாதிப்பார்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு: குறித்த திகதிக்குள் புதிய முறை தயாராகாவிட்டால், தேர்தல் பழைய முறையில் நடக்கும் என்ற பிரிவு அந்தச் சட்டத்தில் உண்டா? எத்தனையாம் பிரிவு?