படுக்கவைப்பது மட்டும் கவனிப்பு ஆகாது

குளியலறையில் வழுக்கி விழுந்த எண்பது வயது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றால், வீட்டாரின் கவலை முழுவதும் ஆப்பரேஷனைச் சுற்றியே இருக்கும். மயக்க மருந்தை உடம்பு தாங்குமா, சர்க்கரை கட்டுக்குள் வருமா, எவ்வளவு செலவாகும் என்று ஆளுக்கொரு பக்கம் விசாரிப்பார்கள். அது நல்லபடியாக முடிந்ததும், "இனிமே அசையாம படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று ஹாலில் கட்டிலைப் போட்டுவிடுவார்கள். ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த முறிவு கண்ட முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல், ஓராண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே இருந்த இதய நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நெஞ்சில் சளி கட்டி வரும் நிமோனியா, காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ரத்தக்கட்டி, முதுகுக்கடியில் ஆழமாகும் படுக்கைப் புண் ஆகியவை வருவதற்குப் படுத்தே கிடப்பது ஒரு முக்கியக் காரணம். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

ஓய்வு எடுத்தால் பலம் வரும் என்பது இளவயதுக் காய்ச்சலுக்கு ஓரளவு பொருந்தலாம், முதுமைக்குப் பொருந்தாது. சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரை அமெரிக்காவில் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி என்றால், முறிவும் ரத்த இழப்பும் கண்ட உடம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 3,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு நாள் காத்திருக்காமல் ஆறு மணி நேரத்திலேயே ஆப்பரேஷன் செய்தால் இறப்பு குறையுமா என்று அதில் பார்த்தார்கள். குறையவில்லை. ஆனால் சீக்கிரம் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக இருந்தது. அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அறுவை அரங்கின் வேகம் ஒன்றே உயிரைக் காத்துவிடாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல், தடை ஏதும் இல்லாவிட்டால் ஆப்பரேஷனுக்கு மறுநாளே நோயாளியை எழுப்ப வேண்டும் என்கிறது.

"தையல் பிரிஞ்சிடும், உள்ளே வெச்ச பிளேட் நகர்ந்திடும்" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இன்றைய தகடும் ஆணியும் செயற்கைப் பந்தும் பெரும்பாலும் உடனே எடை ஊன்றுவதற்கென்றே பொருத்தப்படுகின்றன. விதிவிலக்கு இருந்தால் மருத்துவரே சொல்வார். எழுப்புவதற்கு முரட்டுத்தனம் தேவையில்லை, வரிசைதான் தேவை. முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார வைக்க வேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்காமல், கட்டிலைக் கையால் அழுத்தி எழ வேண்டும். நடக்கும்போது முதலில் வாக்கர், பிறகு ஆப்பரேஷன் ஆன கால், அதன் பின் நல்ல கால். பந்து மாற்றியவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை சம்மணம் போடக்கூடாது, குந்தக்கூடாது. இந்தியக் கழிவறை மட்டும் உள்ள வீட்டில், ஆள் வந்து சேருமுன் கமோடு நாற்காலி வந்துவிட வேண்டும். வலிக்கிறதே என்றால், வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்பே தரும்படி நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கஞ்சியும் ரசமும் மட்டும் ஊட்டினால் தசை வளராது. முட்டை, மீன், பருப்பு, தயிர் என ஏதாவது ஒன்று வேளைதோறும் வேண்டும்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது: இந்த வயதில் எதற்கு ஆப்பரேஷன், கட்டுப் போட்டுப் பார்க்கலாமே? தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் வெளியே போடும் கட்டு அதை அசையாமல் நிறுத்தாது. மலம் கழிக்கப் புரட்டும் ஒவ்வொரு முறையும் வலி உயிர் போகும். நடக்க வைக்க முடியாவிட்டாலும் அந்த வலியை நிறுத்தவே பலருக்கு ஆப்பரேஷன் செய்கிறார்கள். உண்மையிலேயே இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு வேண்டாம் என்று மருத்துவரோடு பேசி முடிவெடுப்பது வேறு; வயதை மட்டும் பார்த்துக் கைவிடுவது வேறு.

ஆப்பரேஷன் ஆன மறுநாள் ராத்திரி, இறந்துபோன அக்காவைக் கூப்பிடுவதும் டியூபைப் பிடுங்குவதுமாக இருப்பவரை "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவத்தில் இது டெலிரியம், பெரும்பாலும் தணிந்துவிடும். மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையை நாமாகக் கேட்டு வாங்கிக் கொடுப்பது குழப்பத்தைக் கூட்டிவிடக்கூடும். 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூக்குக்கண்ணாடி, காது கருவி, போதிய தண்ணீர், தடையில்லாத தூக்கம், நாள் கிழமையை நினைவூட்டும் பேச்சு, நடமாட்டம் ஆகியவற்றைக் கவனித்ததிலேயே, டெலிரியம் கண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைந்தார்கள். பீரோவில் பத்திரமாக வைத்த கண்ணாடியால் யாருக்கும் பயனில்லை.

எல்லாம் சரி, இதையெல்லாம் செய்ய வீட்டில் ஆள் வேண்டாமா என்பதுதான் வலுவான ஆட்சேபம். 'வீட்டார்' என்று எழுதுகிறோமே தவிர, நடைமுறையில் அது மருமகளோ மகளோதான், அதுவும் பலசமயம் வேலைக்குப் போகிறவர். ஆனால் படுக்கையில் விழுந்தவரை ஆண்டுக்கணக்கில் துடைத்துப் புரட்டுவதைவிட, முதல் ஆறு வாரம் முறை வைத்துக்கொண்டு எழுப்பி நடத்துவது குறைந்த வேலை. அந்த முறையில் மகனும் பேரனும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகுமுன், அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையிலேயே ஒருமுறை எழுப்பிப் பழகச் சொல்லுங்கள்.