குப்பையைப் பிரிக்கும் கை யாருடையது?

முன்னாளில் தமிழ்நாட்டு உழவர் வழக்கில் ‘குப்பை’ என்னும் சொல் இழிவான பொருளைக் குறித்ததில்லை. வீட்டின் பின்புறத்தே ஒரு குப்பைக் குழி இருக்கும். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வாசல் பெருக்கிய சருகு ஆகிய யாவும் அதில் போய்ச் சேரும். உழவுக்கு முன் அதனை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு செல்வர். ‘குப்பை அடித்தல்’ என்றே அவ்வேலைக்குப் பெயர். குப்பை என்றால் எரு. எரு என்றால் விளைச்சல்.

மக்காத பொருள்களோ அக்குழிக்குள் போனதில்லை. நசுங்கிய பித்தளைச் செம்பும், ஓட்டை விழுந்த இரும்புச் சட்டியும் பரண்மேல் காத்துக் கிடக்கும். தெருவில் பேரீச்சம்பழக்காரரின் குரல் கேட்டதும் அவை கீழே இறங்கும். பழம் பிள்ளைகளின் கைக்கு ஏறும். பழைய செய்தித்தாள் எடைக்குப் போய், மளிகைக் கடைப் பொட்டலமாக வீடு திரும்பும். இவ்வாறு பிரிப்பதற்கென்று அன்று எவரும் சட்டம் இயற்றவில்லை. அது வீட்டு ஒழுங்கின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? சாம்பார் மிச்சம், பால் உறை, பள்ளிக் குறிப்பேட்டுத் தாள், உடைந்த கண்ணாடித் தம்ளர், தீர்ந்துபோன பேட்டரி, குழந்தையின் டயப்பர் ஆகிய அனைத்தும் ஒரே பிளாஸ்டிக் பையில் அடைக்கப்படுகின்றன. பையின் வாயை முடிச்சிட்டு வாசலில் வைத்தவுடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் அங்கேதான் வேறொருவரின் கடமை தொடங்குகிறது. நாம் கலந்ததை எங்கோ ஓரிடத்தில் எவரோ ஒருவர் தம் கையால் பிரித்தாக வேண்டும். எவரும் பிரிக்காவிடில் அது மலையாகக் குவிந்து, மண்ணையும் நீரையும் காற்றையும் கெடுக்கும். ஆகவே, குப்பையைப் பிரிக்க வேண்டுமா என்பது கேள்வியன்று. பிரிக்கும் கை யாருடையது என்பதே கேள்வி.

கலப்பதால் விளையும் கேடு

‘குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. குன்றிமணிக்கு அது பொருந்தும், காகிதத்திற்குப் பொருந்தாது. உலர்ந்த காகிதத்தை ஆலைக்கு அனுப்பிக் கூழாக்கி மீண்டும் காகிதமாக்கலாம். குழம்பு ஊறிய காகிதத்தைக் காயலான் கடைக்காரர் கையாலும் தொடமாட்டார். அலுமினியமோ விலை மதிப்புள்ள உலோகம். கனிமத்திலிருந்து புதிதாக அதனை எடுக்கச் செலவாகும் ஆற்றலில், பழையதை உருக்கி எடுப்பதால் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகிறது. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறைவதில்லை. இப்பொருள்கள் எல்லாம் சோற்றோடும் மீன் முள்ளோடும் கலந்த அக்கணமே தம் மதிப்பை இழந்துவிடுகின்றன.

சோறும் காய்கறியும் அடையும் கதியும் இத்தகையதே. காற்றுப் படும்படி மண்ணோடு சேர்த்தால் அவை இரண்டு மூன்று மாதங்களில் எருவாகும். காற்றுப் புகாத குப்பை மேட்டின் அடியில் புதைந்தால் அவை அழுகி மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வலிமையுடையது; எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. அழுகலிலிருந்து வடியும் கறுப்பு நீர், பேட்டரியிலும் மருந்திலும் உள்ள நஞ்சையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கிறது.

இதன் விளைவுகளை அண்மைக் காலத்தில் கண்டோம். 2022 ஏப்ரல் இறுதியில், சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாள்கள் புகைந்தது. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் பற்றிய தீ ஏறத்தாழப் பன்னிரண்டு நாள்கள் எரிந்து, ஒரு மாநகரையே மூச்சுத் திணற வைத்தது. இவற்றினும் கொடியது கொழும்புக்கு அருகில் நேர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து அடிவாரத்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். பண்டிகை நாளில் வீட்டில் இருந்ததே அவர்களுக்கு எமனாயிற்று. அம்மலையை அங்கே கொண்டுவந்து கொட்டியவர் தனி ஒருவர் அல்லர். ஆயிரமாயிரம் வீடுகளின் வாசலில் முடிச்சிட்டு வைக்கப்பட்ட பைகளே அம்மலையாயின.

பிறர் பிரிக்கும் ஊர்

குப்பையைப் பிரிக்கும் பணியை ஒரு சமூகத்தின் தலையில் முழுவதுமாகச் சுமத்திய நகரம் எகிப்தின் தலைநகரான கெய்ரோ. அங்கே முகத்தம் குன்றின் அடிவாரத்தில் ‘ஸப்பாலீன்’ எனப்படும் குப்பை சேகரிப்போர் வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். 1940-களில் தென் எகிப்தின் வறண்ட சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழியினர். ஆடவர் வீடு வீடாகச் சென்று குப்பையைச் சுமந்து வருவர். பெண்டிரும் சிறுமியரும் அதனைத் தம் வீட்டுத் தரையிலேயே கொட்டி, கையால் கிளறிப் பிரிப்பர். காகிதம், துணி, உலோகம், பிளாஸ்டிக் எனப் பிரித்தவை விற்பனைக்குப் போகும். உணவு மிச்சம் அவர்கள் வளர்க்கும் பன்றிகளுக்குப் போகும். தாம் சேகரித்த குப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இவர்கள் மறுபயனுக்குக் கொண்டுவருவதாகக் கணக்கிட்டுள்ளனர். பெரிய இயந்திரங்களைக் கொண்ட பல நகரங்களும் எட்டாத அளவு இது. ஆனால் அதற்காக அவர்கள் கொடுத்த விலை, கண்ணாடி கிழித்த விரல்களும், ஊசி குத்திய உள்ளங்கைகளும், நோயுற்ற குழந்தைகளுமே.

பெல்ஜிய நாட்டில் பிறந்த அருட்சகோதரி எம்மானுவேல், ஆசிரியப் பணியில் ஓய்வு பெறும் வயதில், 1971-ஆம் ஆண்டு இம்மக்களின் குடிசைப் பகுதி ஒன்றில் குடியேறினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்து, பள்ளிகளும் மருத்துவ உதவியும் அமையப் பாடுபட்டார். 2008-இல் தம் 99-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, கெய்ரோவின் குப்பை மனிதர்களை உலகம் ஓரளவேனும் அறிந்திருந்தது.

மறு ஆண்டே ஒரு சோதனை வந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் அச்சம் பரவியபோது, நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்லுமாறு எகிப்து அரசு ஆணையிட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. உணவு மிச்சத்தைப் பயன்படுத்த வழியின்றிப் போகவே, குப்பை சேகரிப்போர் அதனை எடுப்பதைக் குறைத்துக்கொண்டனர். சில மாதங்களில் கெய்ரோவின் தெருக்களில் அழுகல் குவியல்கள் எழுந்து நாறின. அதுவரை கண்ணில் படாத கைகள் எவ்வளவு பெரிய பணியைச் செய்துவந்தன என்பதை அந்நகரம் அன்று உணர்ந்தது.

தாமே பிரிக்கும் ஊர்

இதற்கு நேர் எதிரான ஓர் ஊர் ஜப்பானில் உண்டு. ஷிகோகு தீவின் மலைகளுக்கிடையே அமைந்த கமிகட்சு என்னும் அச்சிற்றூரில் வாழ்வோர் 1,500 பேருக்கும் குறைவே. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முதியவர்கள். ஒரு காலத்தில் இவ்வூராரும் குப்பையைத் திறந்த குழியில் இட்டுக் கொளுத்தியவர்களே. பின்னர் இரண்டு சிறிய எரி உலைகளை நிறுவினர். டயாக்சின் என்னும் நச்சுப் பொருள் பற்றிய சட்டம் கடுமையாகவே அவற்றை மூட நேர்ந்தது. புதிய உலைக்குப் பணம் இல்லை. ஆகவே, எரிப்பதை விட்டுப் பிரிப்பதை மேற்கொண்டனர். ஒன்பது வகையாகத் தொடங்கிய பிரிப்பு படிப்படியாக வளர்ந்து, 2016-இல் 45 வகையாயிற்று.

அவ்வூரில் வீடு வீடாகக் குப்பை வண்டி வருவதில்லை. சமையற்கழிவை அவரவர் வீட்டிலேயே எருவாக்கிக்கொள்கின்றனர். மற்றவற்றைக் கழுவி உலர்த்தி, ஊர்ப் பொது நிலையத்திற்குத் தாமே எடுத்துச் சென்று, உரிய பெட்டிகளில் இடுகின்றனர். வாகனமில்லாத முதியோர் வீட்டுக்கு மட்டும் ஆள் சென்று பெற்று வருவதுண்டு. ஒவ்வொரு பெட்டியின் மேலும், அப்பொருள் எங்கே போகிறது, எதுவாக மாறுகிறது, அதனால் ஊருக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கின்றனர். இன்னும் பயன்படும் துணியையும் பாத்திரத்தையும் வைத்துச் செல்ல ஒரு கடையும் உண்டு. வேண்டியவர் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம்.

2003-இல் இவ்வூரார், 2020-க்குள் எரிக்கவோ புதைக்கவோ குப்பையே இல்லாத நிலையை எட்டுவோம் என்று அறிவித்தனர். அந்த இலக்கை முற்றாக அடைய இயலவில்லை. ஏறத்தாழ 80 விழுக்காடு வரை மறுபயனுக்குச் செல்கிறது. டயப்பர் போன்ற சில பொருள்களுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. தயாரிப்பவர் மனம் வைத்தாலன்றி அவற்றுக்குத் தீர்வில்லை. ஆயினும் கெய்ரோவின் ஏழைகள் குருதி சிந்தி அடைந்த அதே அளவை, கமிகட்சுவின் முதியோர் ஒரு கீறலும் படாமல் அடைந்திருக்கின்றனர். பொருள் தூய்மையாக இருக்கும்போதே, அதனைப் பயன்படுத்தியவரே பிரித்ததுதான் வேறுபாடு.

நம் அண்டையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையைப் பல்லாண்டுகள் சர்வோதயபுரம் என்னும் சிற்றூரில் கொட்டி வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள் வண்டிகளை மறித்தனர். நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது. அதன் பின்னரே வீடுகளில் எருக்குழாய்களும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், தெருக்களில் பொது எருப் பெட்டிகளும் அமைக்கப்பட்டன. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று.

நம் இல்லத்தில் செய்யத்தக்கது

நம் நாட்டில் 2016-இல் வெளியான திடக்கழிவு விதிகள், குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கும் கடமையைக் குடும்பத்தார் மீதே வைத்தன. மக்குவது, மக்காதது, தீங்கு தருவது என்பன அம்மூன்று. நாற்பத்தைந்து வகை நமக்கு இப்போது வேண்டாம். இம்மூன்றும் ஒழுங்காக நடந்தாலே போதும்.

முதலாவது, மக்கும் குப்பை. வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி இதுவே. அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட ஒரு மண்பானை அல்லது வாளியில், அடியில் தென்னை நார்க்கழிவோ காய்ந்த சருகோ இட்டு, அன்றன்றைய காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் போட்டு, மேலே மீண்டும் சருகு தூவி மூடிவைக்க வேண்டும். சிறிது புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் விரைவில் மக்கும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டிக் கிளறிவிட்டால் நீங்கும். ஒரு பானை நிறைந்ததும் மற்றொன்றைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் எரு கிடைக்கும்.

இரண்டாவது, மக்காதவையும் காகிதமும். பால் உறையையும் எண்ணெய்ப் புட்டியையும் ஒருமுறை அலசிக் கவிழ்த்து உலர்த்தி, ஒரு சாக்கில் சேர்த்து வைத்தால் நாறாது, ஈ மொய்க்காது. மாதம் ஒருமுறை பழைய பேப்பர்க் கடைக்கு அனுப்பலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். உட்புறம் வெள்ளிபோல் மின்னும் சிப்ஸ், பிஸ்கட் உறைகள் பல அடுக்குகள் ஒட்டியவை. அவற்றைப் பிரித்து மறுபயனாக்குவது அரிது. அவற்றை வாங்காமல் குறைப்பதே வழி.

மூன்றாவது, தீங்கு தருபவை. பேட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் வைக்கவேண்டும். டயப்பரையும் சானிட்டரி நாப்கினையும் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, அடையாளம் தெரியுமாறு குறியிட்டுத் தனியே கொடுக்கவேண்டும். உடைந்த கண்ணாடியையும் இன்சுலின் ஊசியையும் தடித்த அட்டைப் பெட்டியிலோ மூடியுள்ள புட்டியிலோ அடைத்து, ‘கண்ணாடி’, ‘ஊசி’ என்று எழுதி ஒட்டவேண்டும்.

ஒரு நியாயமான கேள்வி

‘நாங்கள் பிரித்தே கொடுக்கிறோம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?’ என்று தாய்மார் பலர் கேட்கக்கூடும். பல ஊர்களில் இது உண்மையே, கேட்பதில் தவறில்லை. வார்டு உறுப்பினரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் இதனைத் தனியாகக் கேட்பதைக் காட்டிலும் தெருவாகச் சேர்ந்து கேட்பது நன்று. அதற்குள் நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மக்கும் குப்பை நம் வீட்டுப் பானையிலேயே தங்கிவிட்டால், வண்டியில் கலப்பதற்கு அழுகும் பொருளே இராது. உலர்ந்தவை நேரே கடைக்குப் போய்விட்டால், கிடங்குக்குப் போவது ஒரு சிறு பொட்டலமே. நம் கையில் உள்ள பகுதியைச் செய்ய எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒரு வீடு தனித்துச் செய்தால் தளர்ச்சி வரும். பத்து வீடுகள் சேர்ந்தால் வழக்கமாகிவிடும். பானை வைக்க இடமில்லாத குடும்பங்களுக்குத் தெருவில் ஒரு பொது எருத்தொட்டி அமைக்கலாம். கோயில் வளாகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறன்று உலர்ந்த பொருள்களைப் பெற்று, ஒரே வணிகருக்கு எடைபோட்டுக் கொடுக்க நம் இளைஞர்கள் முன்வரலாம். அத்தொகை ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும். திருவிழா அசனத்திலும் திருமண விருந்திலும் பிளாஸ்டிக் பூசிய தட்டை விட்டு வாழையிலைக்குத் திரும்பினால், பந்தி முடிந்தபின் எஞ்சுவதெல்லாம் மாட்டுக்கும் மண்ணுக்கும் உணவாகும்.

ஊரின் தூய்மைப் பணியாளர் விடியுமுன் நம் தெருவுக்கு வந்துவிடுகிறார். பல இடங்களில் கையுறை இருந்தும், பையின் முடிச்சை அவிழ்க்க விரல் நுனிதான் அவருக்கு உதவுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆதலால் அன்பார்ந்த குடும்பத்தாரே, நாளை வரை காத்திராமல் இன்று இரவே இரண்டு கூடைகளை அடுக்களையில் வையுங்கள். கண்ணாடி உடைந்தால் அதை அட்டையில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். அவ்வளவில் ஒரு மனிதரின் கை காயப்படாமல் காப்பாற்றப்படும்.