கடல் இல்லாத சீமை கேட்கிறது

"தர்மபுரிக்கும் போர்க்கப்பலுக்கும் என்ன உறவு? அங்கே அலை உண்டா, துறைமுகம் உண்டா?" என்று எள்ளி நகையாடுவோர் இருக்கிறார்கள். நாம் சொல்வோம்: சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடலோரக் காவல்படைக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டினார்கள். கரையிலே கப்பலைப் பூட்டுகிறார்கள். வால்வும் பம்பும் போல்ட்டும் உள்நாட்டுப் பட்டறையிலும் பிறக்கும். அதற்கு உப்புக்காற்று வேண்டியதில்லை. உழைக்கும் கரம் வேண்டும்!

இரும்பு நமக்குப் புதிதா? 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியதென 2022இல் தமிழக அரசு அறிவித்ததே!

2018ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டிலே பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என ஐந்து மையங்கள் வகுத்தார்கள். ஓசூருக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தர்மபுரி மையமல்ல, வழி மட்டும்! லாரி ஓடும் லாபம் அவர்களுக்கு, புழுதி நமக்கு. நம் தம்பியோ வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறான்.

2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கென 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தக் கோடிகள் கடற்கரையோடு நின்றுவிடலாமா? நம் பட்டறைகளுக்கு ஆர்டர் கொடு, ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடு!

சலுகை அல்ல தோழர்களே, நாம் கேட்பது பங்கு!