இரண்டாவது பற்றரி எதற்காக?

பாவித்த கார் வாங்கும் எம்மவர் பலர், சிறிது காலத்தின் பின் கராஜில் ஒரு புதுமையான செய்தியைக் கேட்டுத் திகைக்கின்றனர். காரில் இரண்டு பற்றரிகள் உள்ளனவாம், பழுதடைந்திருப்பது சிறியதாம். ஒரு காருக்கு ஒரு பற்றரி என்றே பழகிய எமக்கு இது வீண் செலவாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அந்தச் சிறிய பற்றரிக்கு ஒரு தெளிவான பணி உண்டு. அதனை அறிந்து வைத்திருப்பவர் வேண்டாத பற்றரிக்குப் பணம் கொடுக்கமாட்டார்.

சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது இயந்திரம் தானாக ஓய்ந்து, புறப்படும்போது தானாக இயங்கும் முறை புதியதன்று. 1974இல் டொயோட்டா கிரவுனிலும் 1983இல் பியற் ரெகாற்றாவிலும் இது இடம்பெற்றது. எனினும் ஐரோப்பாவில் இது பரவலானது பின்னாளிலேயே. புதிய கார்கள் வெளியேற்றும் காபனீரொட்சைட்டைச் சராசரியாகக் கிலோமீற்றருக்கு 130 கிராமாகக் குறைக்கவேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதித்தது. அதன்பின் நிறுவனங்கள் பலவும் இம்முறையை நாடின.

ஒரு கணத் தளர்வு

இயந்திரம் நின்றால் மின்பிறப்பாக்கியும் நின்றுவிடும். முன்விளக்கு, மழைத்துடைப்பான், காற்றாடி, வானொலி, கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆகிய அனைத்தும் அப்போது பற்றரியையே நம்பியிருக்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் ஸ்ராட்டர் மோட்டார் அதே பற்றரியிலிருந்து நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னை ஒரே கணத்தில் இழுக்கிறது. சாதாரணமாக 12 வோல்ற்றுக்குச் சற்று மேலிருக்கும் மின்னழுத்தம் அவ்வேளையில் 10 வோல்ற்றுக்கும் கீழே இறங்கக்கூடும்.

பழைய கார்களில் திறப்பைத் திருகும்போது விளக்கு மங்குவதைக் கண்டிருப்போம். அது பயணத்தின் தொடக்கத்தில் ஒருமுறை நிகழ்வது, எவரும் பொருட்படுத்துவதில்லை. நகர வீதியில் பல தடவை, அதுவும் சாரதி புறப்படும் வேளையில் நிகழ்ந்தாலோ திரைகள் அணைந்து எரியும். கணினிகள் மீளத் தொடங்கும். ஸ்ரியரிங்கின் மின்னுதவி தளரும்.

இதனைத் தவிர்க்கவே துணைப் பற்றரி. இயந்திரம் மீளத் தொடங்கும் கணத்தில் ஓர் ஆளி மின்சுற்றைப் பிரித்துவிடுகிறது. பெரிய பற்றரி ஸ்ராட்டருக்கு உழைக்க, சிறியது ஏனைய கருவிகளுக்குத் தளராத மின்னை வழங்குகிறது. அந்தச் சில கணங்களுக்கே தேவைப்படுவதால் பல கார்களில் அதன் கொள்ளளவு 10 அல்லது 12 அம்பியர்-மணி அளவே.

எல்லாக் கார்களிலும் இது இராது. சில நிறுவனங்கள் வலுவான ஒற்றைப் பற்றரியுடன் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவியைப் பொருத்துகின்றன. சித்ரோயன் நிறுவனம் 2010இல் தனது டீசல் கார்களில் மீக்கொள்ளளவிகளைப் பயன்படுத்தியது.

கவனிக்க வேண்டியவை

இயந்திரம் தானாக நிற்க மறுப்பது பழுதின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் எப்போதும் அன்று. கடுங்குளிரிலும், குறுந்தூர ஓட்டங்களால் பற்றரியின் மின் குறைந்திருக்கும்போதும், கணினியே அம்முறையை நிறுத்திவைக்கும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு பற்றரிகளையும் தனித்தனியே சோதிக்கும்படி கேளுங்கள். சில வாகனங்களில் இரண்டும் இணைந்திருப்பதால், நலிந்த ஒன்று நல்லதையும் வற்றச் செய்துவிடும்.

மலிவானது என்பதற்காகச் சாதாரணப் பற்றரியைப் பொருத்த வேண்டாம். அடிக்கடி வற்றி நிரம்புவதைத் தாங்கும் ஏ.ஜி.எம். அல்லது ஈ.எவ்.பி. வகைகளில் உங்கள் கார் எதனுடன் வந்ததோ அதனையே கேளுங்கள். புதிய பற்றரியைக் கணினியில் பதிவு செய்யவேண்டிய கார்களும் உண்டு.

வாகனம் வாங்கும்போதே துணைப் பற்றரி உள்ளதா, அது எங்கே இருக்கிறது, எப்போது மாற்றப்பட்டது என்று வினவுங்கள். பனிக்காலத்தில் விடியுமுன் வேலைக்குப் புறப்படுபவருக்கு, கார் இயங்காத ஒரு காலை ஒரு நாட் சம்பளத்தையே இழக்கச் செய்யலாம். அந்த ஒரு கேள்விக்கோ செலவு எதுவுமில்லை.