முதல் முதலாளி

கனரக வாகன உரிமம் கைக்கு வந்த மாத்திரத்தில் ஒருவன் லாரி டிரைவராகிவிடுகிறான் என்று சட்டம் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம். நாமக்கல்லில் யாரும் அப்படி நினைப்பதில்லை. 20 வயது நிரம்பி, இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்தவன் இந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2019-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால், பயிற்சிப் பள்ளியின் காலி வண்டியைப் பகலில் ஓட்டிக் காட்டுவது ஒரு காரியம். முழுச் சுமையோடு நள்ளிரவில் தொப்பூர்க் கணவாயில் இறங்குவது வேறொரு காரியம்.

முன்னெல்லாம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பாடங்களைக் கிளீனர் உத்தியோகம் கற்றுக்கொடுத்தது. தார்ப்பாய் போடவும், கயிற்றை முறுக்கிக் கட்டவும், சக்கரம் கழற்றவும், வண்டி பின்னால் வரும்போது தட்டிக் குரல் கொடுக்கவும் பழகி, டிரைவர் அண்ணனின் வசவுகளை வாங்கிக்கொண்டு சில வருஷங்கள் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தவனுக்கு, ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே சாலையின் சுபாவம் பாதி தெரிந்திருந்தது. இன்றைக்குக் கிளீனர் இல்லாமலே பல வண்டிகள் ஓடுகின்றன. சம்பளமும் சாப்பாடும் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள் முதலாளிகள். ஆகவே புதிதாக வருகிற பையனுக்குக் குருவாக இருக்க வேண்டிய பொறுப்பு, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அவனுடைய முதல் முதலாளியின் தலையில் வந்து விழுகிறது. அந்த முதலாளியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே விஷயம். வேலை கொடுத்தவரிடம் சேர வேண்டியதுதான், இதில் தேர்வு எங்கே வந்தது என்று கேட்கும் இளைஞன் காலத்தை அறியாதவன். டிரைவர் கிடைக்காமல் வண்டிகள் நிற்பதாக உரிமையாளர்கள் புலம்புகிற நாட்கள் இவை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் முதலாளிகள் பல தரத்தினர். தாமே டிரைவராக இருந்து, கடனில் ஒரு வண்டி வாங்கி, அதைத் தம் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்ளும் ஒற்றை லாரிக்காரர் ஒருபுறம். ஐம்பது, நூறு வண்டிகளை ஜி.பி.எஸ். திரையில் பார்த்தபடி அலுவலகத்திலிருந்தே நடத்தும் ஸ்தாபனங்கள் மறுபுறம். பெரிய இடத்தில் சம்பளம் தேதி தவறாது, வண்டி புதிது, கணக்கு காகிதத்தில் இருக்கும். இருந்தாலும் ஆரம்பக்காரன் ஒற்றை லாரிக்காரரிடம், அதிலும் ஓட்டிப் பழகிய ஒருவரிடம், முதல் ஓராண்டைக் கழிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். எந்தச் சரிவில் எந்தக் கியர் என்று கேட்டால், தம் கையால் ஓட்டிய அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடியவர் அவர். அலுவலகத்தில் இருப்பவருக்குத் திரையில் நகரும் புள்ளிதான் தெரியும். டேங்கர் வண்டிகளின் வருமானத்தைக் கண்டு அங்கே முதலில் ஓடுவதும் தகாது. எரிவாயு போன்ற அபாயச் சரக்குக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிக் குறிப்பும் வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, பாதி நிறைந்த டேங்கரில் பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் திரவம் வண்டியை முன்னே தள்ளும் சூட்சுமம் பழகிய கைகளுக்கே உரியது.

சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் கணக்கைக் கேட்க வேண்டும். ஒரு நடைக்குப் புறப்படும்போது டீசலுக்கும் வழிச் செலவுக்கும் முன்பணம் கொடுப்பதும், திரும்பி வந்தபின் கணக்கு முடிப்பதும் இந்தத் தொழிலின் மரபு. பஞ்சர் யார் செலவு, ஏற்றுகூலி இறக்குகூலி யார் செலவு, சரக்கில் குறைவு வந்தால் யாருடைய பேட்டாவில் பிடிப்பார்கள், எங்கோ ஒரு கேமரா எடுத்த படத்துக்கு மாதங்கள் கழித்து வரும் இ-செலான் யார் பெயரில் எழுதப்படும் என்பவற்றையெல்லாம் முதல் நாளே வாய்விட்டுக் கேட்பவனை அதிகப்பிரசங்கி என்று நினைக்கிற முதலாளி, பிற்பாடு கணக்கு முடிக்கும் தினத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதை ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

கணக்கிலேயே பெரிய கணக்கு மைலேஜ். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வந்தாக வேண்டும், குறைந்தால் உன் பணம் என்று நிர்ப்பந்திக்கும் இடத்தில், அனுபவமில்லாதவன் செய்யும் முதல் காரியம் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுவதுதான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூரில் இதனால் விளைந்த விபத்துகள் கொஞ்சமல்ல. கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழ, அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. இத்தனைக்கும் இக்காலத்து எஞ்சின்கள், கியரில் இருக்கையில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால், டீசலைத் தாமே நிறுத்திக்கொள்பவை. நியூட்ரலில் மிச்சம் என்பதே பிரமை. இதைப் பொறுமையாக உட்கார்ந்து சொல்லும் முதலாளி ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் அவரிடமே சேரலாம்.

அளவுக்கு மீறிய பாரம் அடுத்த விஷயம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அபராதத்தை முதலாளி கட்டிவிடுவார். ஆனால் தற்காலிகமாகப் பறிபோவது டிரைவரின் உரிமம். அதை எந்த முதலாளியாலும் ஈடுகட்ட முடியாது. எடைமேடைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறாரா, அல்லது கண்டுகொள்ளாமல் போ என்கிறாரா என்பதைக் கவனித்தால் போதும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்ற விதியை 2018-இல் நீக்கினார்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்குப் பொதுவாக எட்டு மணி நேர வேலை என்று வகுத்ததோ பெரும்பாலும் ஏட்டளவில்தான் நின்றது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாயிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் குளிர்ந்த காற்று தூக்கத்துக்குப் பதிலாகாது. வடக்கே போகும் நடையில் எத்தனை நாளில் சேர வேண்டும் என்று கேட்டு, வரும் பதிலை மனத்தில் வகுத்துப் பார்த்தாலே அந்த முதலாளி டிரைவரை மனிதனாகக் கருதுகிறாரா என்பது பிரத்தியட்சமாகும்.

வண்டியின் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூலிக்கு ஓட்டுபவனுக்கு வேலையில் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் நஷ்ட ஈடு பெற அது முக்கியமான வழி. வேலை செய்ததற்கு அத்தாட்சியாகச் சம்பளத்தை வங்கிக் கணக்கிலே வாங்குவது நல்லது.

இவற்றையெல்லாம் முதலாளியிடமே கேட்டு அறிய முடியாதுதான். லாரிப்பேட்டையில், அவரிடமிருந்து விலகி வந்த டிரைவர் யாரேனும் ஒருவரைத் தேடிப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, விபத்து நடந்த இரவில் முதலாளி போனை எடுத்தாரா என்று கேட்டால் மற்றவை தானாக வரும். அவருடைய வண்டிகளின் டயர்களையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

கைநிறைய முன்பணம் தருகிறேன் என்று அழைக்கிறவரிடம் மட்டும் இரட்டை ஜாக்கிரதை வேண்டும். கடன் பட்டவனால் 'இந்தப் பாரம் அதிகம், எடுக்கமாட்டேன்' என்று சொல்ல முடியாது. அந்த முன்பணத்துக்கு ஈடாக டிரைவிங் லைசென்ஸின் அசலை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ளவராக இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு அடுத்த ஆபீஸுக்குப் போகலாம். அந்தத் தெருவிலேயே இன்னும் பலர் டிரைவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.