கடைக்கு ஆகுமா திறந்த மூல செல்போன்?

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மளிகைக்கடை நடத்தும் இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்தார். "அண்ணாச்சி, ஓப்பன் சோர்ஸ் போன்னு ஒண்ணு இருக்காமே. கம்பெனிக்காரன் கைவிட்டாலும் அது ஓடுமாம். நம்ம கடைக்கு ஆகுமா?" என்று கேட்டார். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. "பத்திரிகையில் எழுதுகிறோம் தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். அந்த வாக்கைக் காப்பாற்றவே இக்கட்டுரை.

இந்த விஷயத்தில் எங்களுக்கு அக்கறை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 2023 தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. குண்டூரிலிருந்து வத்தல் லோடு வந்து நின்றது. பாக்கி வாடகை பதினாலாயிரம் ரூபாய் அனுப்பப் போனை எடுத்தால், பணம் அனுப்பும் செயலி திறக்கவில்லை. இந்தப் போனில் இனி இது இயங்காது என்று ஒரு வரி மட்டும் வந்தது. ஆறு வருஷத்துப் போன். கண்ணாடியில் கீறல் இல்லை, பேட்டரி நன்றாக நின்றது, பேச்சும் தெளிவாகக் கேட்டது. செய்த நிறுவனம் அதற்குப் புதிய ஆண்ட்ராய்டு கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். உடனே ஆளை அனுப்பிப் புதுப்போன் வாங்கி, சிம்மை மாற்றி, எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பதிவும் செய்தோம். அப்புறம்தான் தெரிந்தது, புதுப்போனில் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு யு.பி.ஐ. மூலம் ரூ. 5,000க்கு மேல் அனுப்ப முடியாது என்று. திருட்டைத் தடுக்க வைத்த விதி அது, தப்பு சொல்ல முடியாது. ஆனால் அன்று மத்தியானம்தான் கல்லாப் பணம் முழுவதையும் வங்கியில் கட்டியிருந்தோம். டிரைவர் தார்ப்பாயை அவிழ்க்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் பக்கத்துக் கடை அண்ணாச்சி ரொக்கம் எடுத்துக் கொடுத்தார்.

நல்ல நிலையில் இருந்த ஒரு சாமான் எப்படி ஒரே நாளில் ஆகாததாகிப் போயிற்று? கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் எங்கள் தம்பி மகனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டோம். அவன் விளக்கியதோடு, அதன் பிறகு நாங்களே வைத்துப் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

போனுக்குள் மூன்று அடுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது சிப். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், சிப் செய்த நிறுவனத்தின் ரகசியச் சரக்கு. நடுவில் இருப்பது ஆண்ட்ராய்டு. இதன் அடித்தளம் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி எப்படி எழுதப்பட்டது என்பதை உலகில் எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் பெயரிலும் வெளியிடலாம். இப்படித் திறந்து வைத்ததைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். மேலடுக்கில் இருப்பவை கூகுளின் பிளே ஸ்டோர், மேப் போன்றவை. இவை பூட்டி வைத்த சரக்கு. ஆக நம் எல்லோர் கையிலும் இருப்பது பாதி திறந்தது, பாதி பூட்டியது.

சிப் நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் போன் நிறுவனமும் நிறுத்திவிடுகிறது. எங்கள் போன் கண்ட கதி அதுதான். ஆனால் நடு அடுக்கு திறந்திருப்பதால், விஷயம் தெரிந்த வேறு யாராவது அந்தப் போனுக்குப் புது ஆண்ட்ராய்டு தயாரித்துத் தர முடியும். இதில் பெயர் பெற்றது லினியேஜ் ஓ.எஸ். சயனோஜன்மாட் என்ற பழைய முயற்சி 2016 டிசம்பரில் நின்றபோது, அதில் உழைத்தவர்களே தொடர்ந்து நடத்துவது இது. காசு கிடையாது. தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேஜை அறைக்குள் கிடந்த பழைய போனில் போட்டுப் பார்த்தோம். வாட்ஸ்அப் ஓடியது, ஆர்டர் வந்தது, போட்டோ எடுத்தது, பில் செயலியும் வேலை செய்தது. வங்கிச் செயலியைத் தொட்டால் மட்டும் "இந்தப் போன் பாதுகாப்பானதல்ல" என்று கதவைச் சாத்திவிட்டது.

காரணம் நம் வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும். நம் தராசு கடுகளவு பிசகாமல் நிறுக்கும். ஆனால் அதில் முத்திரை இல்லையென்றால் ஆய்வாளர் ஒப்புவாரா? எடை சரியா என்பது வேறு, முத்திரை இருக்கிறதா என்பது வேறு. போனிலும் அப்படித்தான். போன் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, கூகுள் ஒப்புதல் பெற்ற மென்பொருளோடு இருக்கிறதா என்று செயலிகள் கேட்டுப் பார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. பிளே இன்டெக்ரிட்டி என்று அதற்குப் பெயர். லினியேஜ் போட்ட போனில் அந்த முத்திரை இராது. இன்னொன்று, அதைப் போடுவதற்குப் போனின் உள்பூட்டைத் திறக்க வேண்டும், பெரும்பாலான போன்களில் பிறகு அது திறந்தே கிடக்கும். போன் திருட்டுப் போனால் அது ஆபத்து. எனவே வங்கிக்காரர்கள் பயப்படுவதை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. சில நிறுவனங்கள் அந்த உள்பூட்டைத் திறக்கவே விடுவதில்லை என்பதும், திறக்கும்போது போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பூட்டைத் திரும்பப் போடவும் முடிகிற ஒன்று இருக்கிறது. கிராபீன் ஓ.எஸ். என்பது பெயர். கூகுளின் பிக்சல் போனில் போடுவது. கூகுளின் பிடியிலிருந்து விலக கூகுள் போனையே வாங்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். மருமகன் வைத்திருந்த பிக்சல் 8ஐக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி, தம்பி மகன் அரைமணி நேரத்தில் ஏற்றிக் கொடுத்தான். எட்டு மாதமாகப் புழங்குகிறோம். ஒரு அழைப்பும் தவறவில்லை. கூகுள் பிளே வேண்டுமானால், மற்றச் செயலிகளைப் போல ஒரு கூண்டுக்குள் அதை அடைத்து வைத்து ஓட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு. ஒரு வங்கியின் செயலி மறுபேச்சில்லாமல் திறந்தது. மற்றது இன்றுவரை திறக்கவில்லை. எந்தச் செயலி ஒப்பும், எது ஒப்பாது என்பது அந்தந்த வங்கி எடுக்கும் முடிவு. இன்று ஒப்பியது அடுத்த அப்டேட்டில் மறுக்கவும் கூடும்.

அதில் எங்களை மிகவும் கவர்ந்த வசதி ஒன்று. ஒரு செயலி நம் தொலைபேசிப் பட்டியலைக் கேட்டால், நாம் தேர்ந்தெடுத்த நாலு பெயரை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்து வைக்கலாம். மொத்த வியாபாரிக்கு வாடிக்கையாளர் பட்டியல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருஷத்து முதல் அது. உடனடிக் கடன் செயலிகள் பட்டியலை உறிஞ்சி எடுத்து, உறவினருக்கும் வாடிக்கையாளருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கிய கொடுமையை நாடே பார்த்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொலைபேசிப் பட்டியலைத் தொடக்கூடாது என்று விதித்தது. விதியை மதியாதவன் கையில் சிக்காமல் இருக்க இப்படி ஒரு திரை நல்லதுதான்.

விலைக் கணக்குக்கு வருவோம். பிக்சல் 8 முதற்கொண்டு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. 8ஏ என்ற மாடல் 2024 மே மாதம் நம் நாட்டில் ரூ. 52,999க்கு வந்தது. ஏழால் வகுத்தால் வருஷத்துக்கு ரூ. 7,571. இடையில் ஒரு தரம் பேட்டரி மாற்றும் செலவு தனி. பதின்மூவாயிரத்துக்கு ஒரு போன் வாங்கி மூன்று வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்கு ரூ. 4,333தான் ஆகிறது. ஆகவே இது சிக்கனம் என்று சொல்லி யாரும் உங்களிடம் விற்க வந்தால் நம்ப வேண்டாம். பழைய பிக்சல் வாங்குவோர், அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் வழியாக விற்றவற்றில் உள்பூட்டைத் திறக்கவே முடியாதவை உண்டு என்பதைக் கவனிக்கவும். கையில் வாங்கிப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

நெதர்லாந்தின் ஃபேர்போன் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் தொடங்கிய நிறுவனம். பின்மூடியைக் கையால் கழற்றிப் பேட்டரியை நாமே மாற்றலாம். திரை உடைந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். 2015இல் விற்ற ஃபேர்போன் 2க்கு 2023 மார்ச் வரை அப்டேட் கொடுத்தார்கள், அதுவும் சிப் நிறுவனம் கைவிட்ட பிறகும் விடாமல். 2023இல் வந்த ஃபேர்போன் 5க்கு எட்டு ஆண்டு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதிலேயே கூகுள் இல்லாத /இ/ ஓ.எஸ். போட்டும் கிடைக்கிறது. மான்ட்ரேக் லினக்ஸ் கண்ட பிரான்ஸ்காரர் கெயில் டுவால் தொடங்கியது அது. படித்தபோது மனசுக்கு இதம்தான். ஆனால் நம் நாட்டில் அந்த நிறுவனம் நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் உதிரி பாகத்துக்கும் கேரண்டிக்கும் யாரிடம் போய் நிற்பது? பழுது பார்க்க எளிது என்பதே அதன் பெருமை, அந்தப் பெருமை நம் ஊர் வந்து சேருமுன் பாதி குறைந்துவிடுகிறது.

ஆண்ட்ராய்டே வேண்டாம், கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸை நேராகப் போனில் போடுவோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. பைன்64 அமைப்பின் பைன்போன் 149 டாலருக்கு வந்தது. மைக், கேமரா, சிக்னல் ஆகியவற்றைத் துண்டிக்கப் பின்மூடிக்குள் சின்னச் சின்ன சுவிட்சுகள் வைத்திருக்கிறார்கள். சாம்சங் ஜே7 பேட்டரி இதற்குப் பொருந்தும் என்பது நல்ல யோசனை. ஆனால் போன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் விழித்துக்கொள்ளச் சில வினாடி எடுக்கும், அதற்குள் பேச வந்தவர் வைத்துவிட்டுப் போய்விடுவார். இதன் பெரிய உருவமான பைன்போன் புரோவை 2021இல் அறிவித்து 2025இல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் லிப்ரம் 5க்கு 2017இல் 599 டாலர் முன்பணம் வாங்கினார்கள். 2019 ஜனவரியில் தருவதாகச் சொன்ன போனுக்குப் பலர் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். சரக்கைப் பார்க்காமல் முழுப்பணம் கட்டினால் நம் மார்க்கெட்டிலும் அதுதான் நடக்கும். இவற்றுக்கென்று நம் நாட்டு யு.பி.ஐ. செயலி எதுவும் எழுதப்படவில்லை. கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நல்லது, கல்லாப் பெட்டிக்கு ஆகாது.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற ஒன்றை அறிமுகம் செய்தபோது பலரும் ஆவலாகக் கேட்டீர்கள். அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த பகுதியிலிருந்து செய்ததே. ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களை மனத்தில் வைத்துச் செய்தது. கடையில் போய்க் கேட்டு வாங்கும் போனாக நினைத்துவிட வேண்டாம்.

அப்படியானால் மளிகைக் கடைக்காரர் என்ன செய்வது? நீண்ட நாள் உழைத்தால் போதும், திறந்ததோ பூட்டியதோ கவலையில்லை என்பவருக்குச் சாதாரணப் போனிலேயே வழி இருக்கிறது. 2024இல் வந்த சாம்சங் ஏ16 5ஜி நடுத்தர விலைப் போன்தான். அதற்கு ஆறு ஆண்டு அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் நாம், அப்டேட் எந்த வருஷம் வரை என்று கேட்பதில்லை. இன்றே உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றி என்ற இடத்தில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால், அந்தப் போனில் பெரிய தொகை புழங்குவதை நிறுத்திக்கொள்வது நல்லது. மாற்றுவதையும் பண்டிகை நெருக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த 24 மணி நேர விதி ஞாபகத்தில் இருக்கட்டும்.

சில்லறை வியாபாரத்தில் பணம் வாங்குவதற்குப் போனே வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. கல்லாவில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டைக்கு வருவது நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. தொகை சொல்லும் பெட்டிக்குத் தனி சிம் உண்டு. உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் வரவு நிற்காது. போன் வேண்டியிருப்பது பணம் அனுப்பவும், ஆர்டர் வாங்கவும், கணக்குப் பார்க்கவும்தான்.

எங்கள் கடையில் இப்போது மூன்று போன் இருக்கிறது. பணம் அனுப்ப முத்திரையுள்ள சாதாரணப் போன் ஒன்று, அதில் பணச் செயலிகளைத் தவிர வேறெதுவும் ஏற்றுவதில்லை. வாடிக்கையாளர் பட்டியலும் ஆர்டரும் பேச்சும் கிராபீன் போட்ட பிக்சலில். லினியேஜ் போட்ட பழைய போனில் சிம் கிடையாது, கடைப் பையன் வைஃபையில் சரக்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். தீபாவளிக்கு முந்தி எங்களைக் கைவிட்டதும் அதே போன்தான். நேரில் பார்க்க விரும்பும் நண்பர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் கடையில் நெரிசல் இராது, நிதானமாகக் காட்டுகிறோம்.